பேனரில் இருந்த நாலாவது முகம்

என் தம்பிக்குத் தேவ அழைத்தல் வந்த வாரம், எங்கள் வீட்டு இருதய ஆண்டவர் படம் அரிசி டிரம்முக்குள் கிடந்தது. உள்ளே வைத்தது அம்மா. வைக்கச் சொன்னது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

எங்கள் காலனி கள்ளக்குறிச்சிக்குப் பக்கம். பாதி வீடு மாரியம்மனைக் கும்பிடும், பாதி வீடு மாதாவைக் கும்பிடும். நாங்கள் மாதா வீடு, மூன்று தலைமுறையாக. அரசாங்கக் கணக்கில் எஸ்.சி. ஆள் கிறிஸ்தவராக இருந்தால் அவர் எஸ்.சி. கிடையாது, பி.சி. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டதும் காலனி எழுந்து ஊருக்குள் போய்விடும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. காலனி அங்கேயேதான் இருக்கிறது. அப்பா வெட்டிய கரும்பும் அதே கரும்புதான். சான்றிதழ் மட்டும் மாறிவிடும். அதனால் எங்கள் ஆட்கள் பலருக்கு இரண்டு பெயர். கோயில் புத்தகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. பள்ளிக்கூடத்துப் பெயருக்குப் பக்கத்தில் 'இந்து' என்று இருக்கும். எனக்கும் அப்படி, தம்பிக்கும் அப்படி.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பெயரில்தான் நான் குரூப் ஃபோர் எழுதினேன். மூன்றாவது தடவை கிடைத்தது. இளநிலை உதவியாளர். காலனியிலிருந்து அரசு வேலைக்குப் போன முதல் பெண் நான். தகுதிகாண் பருவம் முடிவதற்குள், கொடுத்த சாதிச் சான்றிதழ் உண்மைதானா என்று வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். இந்து என்று எழுதிவிட்டு கிறிஸ்தவ வேதத்தில் இருப்பது தெரிந்தால் சான்றிதழ் போகும், பின்னாலேயே வேலையும் போகும். வெள்ளிக்கிழமை காலையில் வருகிறோம் என்று தகவல் வந்தது.

படம் டிரம்முக்குள் போனது அதனால்தான். கதவு நிலையில் ஒட்டியிருந்த குருத்தோலைச் சிலுவையைப் பிய்த்து எடுத்தேன். அம்மாவின் செபமாலையை மிளகாய்த்தூள் டப்பாவில் போட்டேன். படம் இருந்த ஆணியில் முருகன் காலண்டரை மாட்டினேன். படம் பெரியது, காலண்டர் சின்னது. சுற்றிலும் சுவர் வெளுத்துத் தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் பீடி பற்ற வைத்தார்.

தம்பி அப்போது கல்வராயன் மலையில் இருந்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா படுத்துக் கிடந்தவனை, ஒரு துறவற சபை நடத்திய இறையழைத்தல் முகாமுக்கு நாங்கள்தான் அனுப்பினோம். பத்து நாள் சோறு போட்டு, கிரிக்கெட் ஆடவிட்டு, ராத்திரி புரொஜெக்டரில் ஆப்பிரிக்காவைக் காட்டி, சாமியாராகிறாயா என்று கேட்கும் முகாம். எங்கள் கோயில் பங்கிலிருந்து வருஷா வருஷம் நாலு பையன்கள் போவார்கள். சோற்றைத் தின்றுவிட்டு நாலு பேரும் ஒழுங்காகத் திரும்பி வருவார்கள். இந்த வருஷம் மூன்று பேர் வந்தார்கள். இவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

"அவங்க வர்ற நேரத்துல அவன் எங்கன்னு கேட்டா இன்னாத்த சொல்றது? போய் இட்டுக்கினு வா" என்றார் அம்மா.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு மலை வளைவு ஒத்துக்கொள்ளாது. இரண்டு தடவை வாந்தி. இரண்டு தடவையும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி அவனைத்தான் திட்டினேன்.

முகாம் நடந்த இடம் ஒரு ஓட்டுக் கட்டடம், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி. பின்பக்கம் போனால், வீட்டில் சாப்பிட்ட தட்டை ஒருநாளும் கழுவாதவன், சாம்பலைப் போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது வேஷம்?" என்றேன்.

"நான் சபையில சேரப் போறேன்க்கா. ஜாம்பியாவுக்கு அனுப்புங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

ஜாம்பியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவனுக்கும் பத்து நாளுக்கு முன்னால் தெரிந்திருக்காது. நான் கத்திய சத்தத்தில் முகாம் ஃபாதர் வெளியே வந்தார். இளவயசுக்காரர், ஜீன்ஸ் போட்டிருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வரக்காப்பி கொடுக்கச் சொன்னார்.

"ஆண்டவர் கூப்பிடறாரும்மா. நாம குறுக்க நிக்கக் கூடாது" என்றார்.

"ஆண்டவருக்குக் கூப்பிட வேற வூடு கெடைக்கலியா ஃபாதர்? எங்க அப்பாவுக்கு இடுப்பு போயிடுச்சி. இருக்கறது ஒரே பையன்."

அவர் சிரித்தார். எத்தனையோ அக்காக்களையும் அம்மாக்களையும் பார்த்துப் பழகிய சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, தம்பியின் பையை நானே எடுத்துக்கொண்டு நடந்தேன். அவன் பின்னால் வந்தான்.

பஸ் வர நேரமாகும் என்றார்கள். ரோட்டோரத்தில் மரவள்ளி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் உட்கார்ந்தோம். நான் விடவில்லை.

"சேவை செய்யணும்னா இங்க செய்யேன்டா. மழ பேஞ்சா நோயாளியக் கட்டில்ல தூக்கிக்கினு எறங்கற சனம் இங்கியே இருக்குது. நம்ம காலனியிலயே ஆயிரம் வேல இருக்குது. ஜாம்பியாவுல இன்னா, உனக்குன்னு தனியா எழுதி வெச்சிருக்கா?"

அவன் மரவள்ளியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அங்க எனக்கு ஒரே பேருதான்க்கா" என்றான். "கேம்ப்ல மொத நாளு நோட்டுல பேரு எழுதச் சொன்னாங்க. எல்லாரும் எழுதிட்டுப் போயிட்டானுங்க. நான் எந்தப் பேர எழுதறதுன்னு தெரியாம பேனாவ வெச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். இங்க இருந்தா கடைசி வரைக்கும் அப்படித்தான். எங்கியாவது போயி ஒரே பேரோட இருக்கணும்."

பதில் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"நாளைக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பேரோட இரு. அப்பறம் எங்க வேணா போய்ச் சேரு" என்றேன். மலை இறங்கும்போதும் எனக்கு வாந்தி வந்தது. அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் வாங்கவில்லை.

காலனி முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. புளியமரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. எங்கள் ஊரில் பேனர் ஒன்றும் அதிசயம் இல்லை. காது குத்துக்குப் பேனர், பெண் பெரியவளானால் பேனர், ப்ளஸ் டூ பாஸானால் பேனர். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதில் பைத்தியம். ஆட்டோ ஓட்டிச் சம்பாதிப்பதில் பாதியை ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார். ஆனால் இந்தப் பேனரில் இருந்தது நாங்கள்.

நடுவில் தம்பி, பின்னால் ஆப்பிரிக்கா படமும் ஒரு சிங்கமும். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. கீழே நான். 'மறைபரப்புப் பணிக்குத் தன்னை அர்ப்பணிக்கும் எங்கள் குலவிளக்கே' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே என் கோயில் பெயர், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அரசு ஊழியர்'. எனக்கு வேலை கிடைத்தபோது மாமா போட்ட பேனரில் இருந்த அதே போட்டோ.

காலையில் விசாரணை ஜீப் வந்தால் இந்தப் பேனருக்குக் கீழேதான் திரும்பியாக வேண்டும். நான் மிளகாய்த்தூளுக்குள் செபமாலையை ஒளித்து வைத்திருக்கிறேன், மாமா ரோட்டு முனையில் எங்களைச் சிங்கத்தோடு கட்டி வைத்திருக்கிறார்.

தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். "மாமாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றான். எங்களிடம் சொல்ல பயந்துகொண்டு, மலையிலிருந்து மாமாவுக்குப் போன் போட்டிருக்கிறான். மாமாவிடம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்று என்பது அவனுக்குத் தெரியாதா?

அறைந்துவிட்டேன். ரோட்டிலேயே. அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். எம்பித்தான் அறைய வேண்டியிருந்தது. அவன் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்காமல் நேராக வீட்டுக்குப் போய்ச் சூரிக்கத்தியை எடுத்து வந்து மரத்தில் ஏறினான். கயிற்றை அறுத்தான். பேனர் ஒரு பக்கமாகத் தொங்கியது. அந்தப் பக்கம் போய்க் கம்பத்துக் கயிற்றையும் அறுத்தான். கீழே விழுந்ததைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டான். மாமா வெளியே வந்து, "இன்னாப்பா, நான் ஆசயா போட்டது" என்றார்.

வீட்டு வாசலில் வைத்து அவனிடம் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன், கோபத்தில் வாய் தவறியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"இதோ பாரு. இனிமே உன் பேப்பர்ல, போட்டோவுல, பேனர்ல, எங்கியும் நான் இருக்கக் கூடாது. உனக்கு அக்கா கிடையாது. அப்படியே நெனச்சிக்க."

"சரிக்கா" என்றான்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். வயதானவர் ஒருவர், அவரோடு ஃபைல் பிடித்த ஒருவர். அம்மா எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டிருந்தார். அளவு தெரியாமல் அப்பாவுக்குப் பட்டை பட்டையாகப் பூசி வைத்திருந்தார். பெரியவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை காலண்டரிடம் வந்து, அதைச் சுற்றியிருந்த வெளுப்பில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"தம்பி, உன் பேரு இன்னா?"

அவன் எழுந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொன்னான்.

"எந்தக் கோயிலுக்குப் போவீங்க?"

"மாரியம்மன் கோயிலுக்குங்க" என்றான். குரல் தெளிவாக இருந்தது.

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். என் வேலை தப்பியது. அவன் உள்ளே போய் முகம் கழுவினான். கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். சத்தத்தைக் கேட்டு, "தண்ணி ஜாஸ்தி செலவு பண்ணாத" என்று நான் கத்தினேன். அன்றைக்கு அவனிடம் எனக்குச் சொல்லத் தோன்றியது அது ஒன்றுதான்.

ஜூன் மாதம் சபையில் சேரப் போய்விட்டான். அந்தப் பேனரை அப்பா விறகு அடுக்கின்மேல் மூடினார், எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கும்படி. மழைக்காலத்தில் விறகு எடுக்க அதைத் தூக்கும்போதெல்லாம் சிங்கத்தின் வாலைப் பார்ப்பேன்.

பிறகு வருஷங்கள். திருச்சி, பெங்களூர், எங்கெங்கோ படித்தான். என் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது, கோயிலில் இல்லை. அவன் வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அம்மா, "சாமி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. பெற்ற பிள்ளையானாலும் அங்கி மாட்டிவிட்டால் 'ங்க' போட வேண்டும். அப்பாவும் 'ங்க' போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் மூக்கைச் சிந்திவிட்டவள் நான். "டேய், சோறு வேணும்னா நீயே போட்டுத் தின்னு" என்றேன். அந்த வீட்டில் அவனை 'டா' போட்டது நான் ஒருத்திதான். அவன் அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தான்.

பாஸ்போர்ட் எடுக்கும் நேரத்தில் ஒருமுறை எனக்குப் போன் செய்தான். அரசிதழில் போட்டுக் கோயில் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள், செய்யட்டுமா என்று கேட்டான். தம்பி மதத்தோடு பெயரை மாற்றி அரசிதழில் போட்டால், அக்காவின் ஃபைலைத் திறக்க ஒரு மொட்டைக் கடிதாசி போதும். "வேணாம்" என்றேன். "சரி" என்றான். எந்தப் பெயரிலிருந்து ஓட நினைத்தானோ, அதே பெயரைப் பாஸ்போர்ட்டில் எழுதிக்கொண்டுதான் அவன் ஜாம்பியா போக வேண்டும். அதுவும் என்னால்தான். போனை வைத்த பிறகு இரண்டு நாள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

குருப்பட்டம் முடிந்து, ஜாம்பியா கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு எங்கள் பங்கில் அவனுக்கு முதல் பூசை. அம்மா மட்டும் போன் செய்து, "வர்றதுன்னா வா" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டு வந்தேன். 'டேய், போய்ச் சேந்ததும் போன் பண்ணு.' அவ்வளவுதான். அதற்குமேல் எனக்குச் சொல்ல வராது.

காலனி முனையில் அதே இடத்தில் மாமா பேனர் கட்டியிருந்தார். பெரிய பேனர், இந்தத் தடவை சிங்கம் இல்லை. நடுவில் தம்பி, இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. மேலும் கீழும் தேடினேன். மாமா ஓடி வந்தார்.

"என்னிய ஒண்ணும் சொல்லாதம்மா. நம்ம சாமிதான் போட்டோ அனுப்புனாரு. இந்த மூணு பேரு மட்டுந்தான், வேற யாரும் வரக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டாரு."

நான் கேட்டுக்கொண்டதைத்தான் அவன் செய்திருக்கிறான். பிறகு எதற்கு எனக்கு வயிறு எரிந்தது? வஞ்சம் வைத்துச் செய்தானா, சொன்ன சொல்லைக் காப்பாற்றினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபம்தான்.

கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி, பூசைக்குப் பிறகு பிரியாணி என்று கேள்விப்பட்டு வந்திருந்த மாரியம்மன் வீட்டுக்காரர்கள். நெற்றியில் பொட்டோடு நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் தெரிந்தேன். அப்பாவையும் அம்மாவையும் பீடத்துக்குக் கூப்பிட்டுத் தம்பியின் கழுத்தில் சிலுவையை மாட்டச் சொன்னார்கள். பங்குச் சாமியார் மைக்கில், "தங்களுக்கிருந்த ஒரே பிள்ளையைத் தேவனுக்குக் கொடுத்த குடும்பம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளும் தட்டினாள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது?

பூசை முடிந்ததும் புதுச் சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்க வரிசை நின்றது. ஒவ்வொருவராகப் போய் அவர் உள்ளங்கையில் உதடு ஒற்றி முத்தி செய்துவிட்டு, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். நானும் நின்றேன். வீடியோக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் பக்கத்திலேயே நடந்தார், யூடியூபில் நேரலையாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் ஆபீஸிலும் பார்க்கலாம்.

என் முறை வந்தது. அவன் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, சரியாகத் தூங்கியிருக்க மாட்டான். என்னைப் பார்த்தான். பிறகு என் தோளுக்குப் பின்னால் கேமராவைப் பார்த்தான். அவன் கையைப் பிடித்து முத்தி செய்தேன். அவன் என் தலையில் கை வைத்தான். கட்டை விரலால், பொட்டு கலையாமல், அதற்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டான்.

"நல்லா இருங்கம்மா" என்றான்.

முன்னால் நின்ற முப்பது பேரிடமும் அதையேதான் சொன்னான், அதே குரலில். அக்கான்னு கூப்பிடுடா என்று தொண்டை வரைக்கும் வந்தது. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததும் அங்கேயே நின்றது. கேமராவின் சிவப்பு விளக்கு பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லி முதுகைத் தொட்டார்கள்.

"சரிங்க சாமி" என்றேன்.